பட்டியலுக்கும் ஒரு சல்லடை

நம் பிள்ளைகள் இணையத்தில் துணிமணி விற்பதாக வைத்துக்கொள்வோம். பொருளுக்கு ஒரு வரியாகப் பெயர், விலை, இருப்பு எழுதி, கூகல் மெர்சன்ட் சென்டர் போன்ற தளத்திற்கு அனுப்புகிறோம். “இருப்பு 0 என்றால் விலக்கு” என விதி கொடுத்தால், கணினி வரிவரியாகச் சலித்துவிடும்.

10 வெள்ளிக்குக் குறைந்த கைக்குட்டை அஞ்சல் செலவுக்குக் கட்டுப்படியாகாது. அதையும் விலக்க வேண்டும். இரு நிபந்தனைகளுக்கும் நடுவே ‘அல்லது’ போட்டால், ஒன்று பொருந்தினாலே பொருள் விலகும். தவறி ‘மேலும்’ போட்டால், இரண்டும் பொருந்தினால்தான் விலகும். அப்போது தீர்ந்துபோன 80 வெள்ளிச் சேலை பட்டியலிலேயே நிற்கும்.

தீபாவளிக்கென்று ஒருவர் பணம் கட்டிவிட்டால்? பணத்தைத் திருப்பித் தரலாம். போன நம்பிக்கையைத் தர முடியுமா? ஆகவே, விதி எழுதியதும் நாலு வரிகளை நாமே சரிபார்ப்போம்.