எந்தக் கடலின் ஓசை?

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையின்போது, எம்மிடம் பயிலும் மருதமுனை மாணாக்கர் ஒருவர் இரண்டு ஹெட்போன்களைக் கொண்டுவந்து எம் மேசைமீது வைத்தார். கட்டாரில் தொழில் புரியும் அவருடைய காக்கா, அங்கிருந்து தாய்நாடு திரும்பிய ஒருவரிடம் பழையனவாக வாங்கி வந்தவை அவை. ஒரே கொம்பனி செய்தவை, உருவமும் ஒன்றே. ஆயினும் ஒன்றன் வெளிப்புறம் சல்லடைபோல் துளைகளுடன் திறந்திருந்தது. மற்றதன் வெளிப்புறம் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் மூடியிருந்தது.

"சேர், காக்கா திரும்பிப் போகக்குள்ள ஒண்டக் கொண்டு போவார், மத்தது எனக்கு. எத வெச்சிக்கிறது எண்டு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பௌதிகம் கற்பிப்போனுக்கு இத்தகைய வழக்குகள் வருவது வியப்பன்று. வீட்டில் மின்விசிறி சுழலாவிடினும் எம்மைத்தான் கேட்பார்கள். எனினும் இவ்வினா எம்மை உண்மையாகவே கவர்ந்தது. ஒரே தகடு, ஒரே காந்தம். முதுகு மட்டும் வேறு. வகுப்பறையில் இதைவிடச் சிறந்த பரிசோதனையை நாமே அமைத்திருக்க முடியாது. "இரண்டையும் ஒரு கிழமைக்கு விட்டுச் செல்லும், தம்பி" என்றோம்.

முதற்கண் இக்கருவியின் உள்ளமைப்பைச் சிறிது கூறுவோம். கடைகளில் நாம் வாங்கும் சாதாரண ஹெட்போனில் சிறு கூம்பு ஒன்றும், அதன் அடியில் கம்பிச் சுருள் ஒன்றும் உண்டு. சுருளில் மின்னோட்டம் பாயும்போது அது காந்தத்தினிடையே முன்னும் பின்னும் அசைந்து கூம்பைத் தள்ளுகிறது. தள்ளும் விசை ஓரிடத்தில். அசைய வேண்டிய பரப்போ வேறிடம். பிளேனர் எனப்படும் வகையில் கூம்பும் இல்லை, சுருளும் இல்லை. சில மைக்ரோமீற்றர் தடிப்பே உள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் மேற்பரப்பெங்கும் உலோகத் தடத்தைப் பாய் பின்னினாற்போல் வளைத்து வளைத்துப் பதித்திருப்பார்கள். அதன் முன்னோ பின்னோ, அன்றி இருபுறத்துமோ, காந்தக் கட்டைகள் வரிசையாக நிற்கும். மின்னோட்டம் பாய்ந்ததும் படலம் முழுவதும் ஒருங்கே அசையும். நமது தலைமயிர் இப்படலத்தினும் பன்மடங்கு தடித்தது என்றால் அதன் மென்மையை வாசகர்கள் உணர்ந்துகொள்ளலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பு என்று இளைஞர்கள் எண்ணுகிறார்கள். அன்று. இங்கிலாந்தின் வார்ஃப்டேல் கொம்பனி 1970களின் தொடக்கத்திலேயே இவ்வகையில் ஒன்றைச் செய்து விற்றது. யப்பானிய யமஹா 1976 இல் எச்.பி.-1 என்பதை வெளியிட்டது. அதற்கு வடிவம் அமைத்தவர் இத்தாலியரான மாரியோ பெல்லினி. பின்னர் இவ்வகை ஏறத்தாழ மறைந்தே போயிற்று. 2008 இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஓடீஸி முதலாய சிறு கொம்பனிகளே இதற்கு மறுவாழ்வு அளித்தன. அமெரிக்கரான டான் கிளார்க் என்பவரின் கொம்பனி, ஈதர் என்ற தன் பிளேனரை 2015 இல் முதலில் திறந்த முதுகுடனும், அவ்வாண்டிலேயே மூடிய முதுகுடனும் வெளியிட்டது. எம் மாணாக்கரின் ஐயம் உலகில் பலருக்கும் இருந்திருக்கிறது போலும்.

நிற்க. திறந்த முதுகு, மூடிய முதுகு என்பது என்ன? இதனை விளக்க நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில், நாகூர் சாஹுல் ஹமீது நாயகத்தின் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் கொடியேற்ற விழாவைக் கண்டோர், பக்கீர்மார் றபான் அடித்துப் பாடுவதையும் கேட்டிருப்பர். றபானுக்கு முகம் ஒன்றே, முதுகு திறந்தது. எங்கள் பகுதிக் கூத்துக் களரியில் ஒலிக்கும் மத்தளமோ இருபுறமும் தோலால் மூடப்பட்டது. உள்ளே காற்றுச் சிறைப்பட்டிருக்கிறது. தோல் அசையும்போது ஓசை முன்னே மட்டும் செல்வதில்லை. அதே அளவு ஓசை பின்னேயும் செல்கிறது. றபானில் அப்பின்னோசை தடையின்றி வெளியேறிவிடுகிறது. மத்தளத்தில் அது வெளியேற வழியின்றி உள்ளிருக்கும் காற்றை அழுத்தி, மறுமுகத்தையும் அசைக்கிறது. இரு கருவிகளின் குணமும் வேறுபடுவதற்கு இஃதும் ஒரு காரணம்.

ஹெட்போனிலும் நிகழ்வது இதுவே. திறந்த வகையில் படலத்தின் பின்னோசை துளைகளின் வழியே அறைக்குள் கலந்துவிடும். அறையின் ஓசையும் அவ்வழியே காதுக்குள் வரும். அருகில் அமர்ந்திருப்போர் நீங்கள் கேட்பதை எல்லாம் கேட்பர். மூடிய வகையில் பின்னோசை கிண்ணத்துள் அடைபடும். அவ்வாறு அடைபட்ட ஓசையை என்செய்வது என்பதே செய்வோரின் தலைவலி.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். உள்ளிருக்கும் காற்று ஒரு வில்போல் எதிர்த்துத் தள்ளும். தாழ்ந்த சுருதிகளில் மூடிய கிண்ணத்தின் காற்றும் அவ்வாறே படலத்தை எதிர்க்கிறது. உயர்ந்த சுருதிகளில் தொல்லை வேறு. ஓசை ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே செக்கனுக்கு 20 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஓசையின் அலைநீளம் 17 மீற்றர். 3 சென்ரிமீற்றர் ஆழமான கிண்ணம் அதற்கு ஒரு பொருட்டன்று. ஆனால் 3,000 அதிர்வுகளையும் அதற்கு மேலும் கொண்ட ஓசைகளின் அலைநீளம் அக்கிண்ணத்தின் அளவை நெருங்கி வருகிறது. அவை சுவரில் மோதித் திரும்பிப் படலத்தின் ஊடாகவே மீண்டும் காதுக்கு வரும். சிறிது காலந்தாழ்த்தி வரும். மெய்யெழுத்துகளை நாம் பிரித்தறிவது பெரும்பாலும் இப்பகுதி ஓசைகளாலேதான் என்பதை மறத்தலாகாது. இதனால்தான் மூடிய வகையைச் செய்வோர் கம்பளமும் பஞ்சும் இட்டு உட்புறத்தை நிரப்புகின்றனர். மேற்சொன்ன டான் கிளார்க் கொம்பனி 2021 இல் வெளியிட்ட ஸ்டெல்த் என்பதில், படலத்துக்கும் காதுக்கும் இடையே நுண்ணிய குழிகளும் குழாய்களும் நிறைந்த அடுக்கொன்றை வைத்து, வேண்டாத ஓசைகளை அங்கேயே விழுங்கச் செய்திருக்கிறார்கள். மூடிய கருவி மூடாததுபோல் ஒலிப்பதற்கு இத்துணைப் பாடு!

எம் செவியறிவு யாது? முதலிரவு காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தைக் கேட்டோம். திறந்ததில் வாசிப்பவர் சற்றுத் தள்ளி நின்று வாசிப்பதாகவும், அவரைச் சூழ வெளியிடம் இருப்பதாகவும் தோன்றிற்று. மூடியதில் அவர் எம் நெற்றிக்குள் வந்து நின்றார். அடுத்து நாகூர் ஈ. எம். ஹனிபா. கல்முனையில் இப்பெயரைச் சொன்னால் அறிமுகம் தேவையில்லை. அவருடைய கம்பீரக் குரலுக்கு மூடிய கருவி பொருந்திற்று. உடன் வரும் தாளக்கருவியின் அடியில் ஒரு கனம் இருந்தது. ஒரு மணி நேரத்தின் பின் மூடியதைக் கழற்றியபோது காதின் பக்கங்கள் வியர்வையால் நனைந்திருந்தன. கிழக்குக் கரையின் மே மாதத்தில் மூடிய கிண்ணத்தை அணிவது தவம். எமது தனித் தீர்ப்புக் கேட்கப்படின், இசைக்குத் திறந்ததே என்போம். அன்றியும், பிளேனர்கள் கனத்தவை. சில அரைக் கிலோவையும் கடக்கும். கைத்தொலைபேசியின் சிறு வலுவால் இவற்றுட் பல வயிறாரப் பேசமாட்டா. தனியே ஒரு பெருக்கி வேண்டும். விலையைப் பற்றிப் பேசாதிருத்தல் நலம்.

நாம் இத்தீர்ப்போடு கருவிகளைத் திருப்பிக் கொடுக்க எண்ணியிருந்தோம். ஆனால் அம்மாணாக்கர் இரண்டாம் முறை வந்தபோது சிறிய பென்டிரைவ் ஒன்றையும் கொண்டுவந்தார். அவருடைய உம்மும்மா, நெசவு வீட்டில் பிறந்து வாழ்ந்தவர், பெண்கள் பாடும் கவிகளில் வல்லவர். அவர் பாடியதை 1990களில் குடும்பத்தவர் ஒருவர் கசற்றில் பதிந்து வைத்திருந்தார். அதன் பிரதி அது. மூதாட்டி இப்போது இல்லை. கவிகளை எழுதிவைக்க வேண்டும் என்பது பேரனின் ஆசை; ஹெட்போன் எதற்கு என்பதை அப்போதுதான் அறிந்தோம். ஒரு கவியில் ஒரு சொல் 'தோணி'யா, 'தோழி'யா என்று வீட்டில் பல ஆண்டுகளாக வழக்கு. இக்கரையில் ழகரத்தை ளகரமாகவே பலர் மொழிவர். தோணியும் தோளியும் பழைய நாடாவில் எவ்வளவு நெருங்கிவிடும் என்பதைக் கேட்டால்தான் தெரியும். சொல் மாறினால் கவியின் பொருளே மாறும். ஒன்றில் பெண் தன் கணவன் சென்ற படகை நினைக்கிறாள். மற்றதில் அவள் துணையொருத்தியிடம் பேசுகிறாள்.

மருதமுனைக்கு நாமே சென்றோம். பகலில் அத்தெருவில் திறந்த ஹெட்போன் வீண் என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிற்று. அயல்வீட்டுத் தறியின் 'டக்குடக்கு' நேரே காதுக்குள் வந்தது. அதனை வெல்ல ஒலியைக் கூட்டினோம், மேலும் கூட்டினோம். இஃது ஆபத்தான பழக்கம். 80 டெசிபல் அளவில் கிழமைக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அளவு கூடக்கூட அந்நேரம் விரைந்து குறையும். இரைச்சல் மிக்க வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு மூடிய வகையே பாதுகாப்பு என்பதைப் பெற்றோர் குறித்துக்கொள்வாராக. மூடியதை அணிந்ததும் தறி அடங்கிற்று. மூதாட்டி மூச்செடுப்பதும் கேட்டது. ஆயின் அந்தச் சொல்? ஒருமுறை தோணி, மறுமுறை தோளி.

இஷாத் தொழுகை முடிந்து, இராச் சாப்பாடும் முடிந்து, தெரு அடங்கிய பின் மின்விசிறியை நிறுத்திவிட்டுத் திறந்ததை அணிந்தோம். இம்முறை ணகரம் மூக்கில் தங்கி வருவது ஐயமின்றிக் கேட்டது. தோணிதான். மாணாக்கரும் கேட்டுத் தலையசைத்தார். அவருடைய சாச்சி மட்டும் ஒப்பவில்லை. "உம்மா தோளி எண்டுதான் சொல்லித் தந்த" என்று கூறிவிட்டுத் தேநீர் ஊற்றச் சென்றார்.

அப்போது மாணாக்கர் வேறொன்று கூறினார். "சேர், பாட்டுக்கு நடுவுல கடல் கேக்குது." நாமும் கேட்டோம். ஓரடி முடிந்து அடுத்த அடி தொடங்குமுன் உள்ள இடைவெளியில் அலை விழும் ஓசை மெல்ல எழுந்து, குரல் வந்ததும் தாழ்ந்தது. கடற்கரை அவ்வீட்டிலிருந்து அதிக தூரமன்று. திறந்த முதுகின் வழியே வெளியோசை வந்திருக்கலாம். இது பதிவிலுள்ள கடலா, அன்றி இன்றிரவுக் கடலா?

இவ்வினாவைத் தீர்க்கத் திறந்த கருவியால் இயலாது. மூடியதை அணிவித்தோம். கடல் போகவில்லை. இடைவெளிதோறும் அதே இடத்தில் எழுந்தது. திரும்ப ஓடவிட்டபோதும் அதே இடத்தில் எழுந்தது. காரணமும் எமக்கு விளங்கிற்று. பழைய கசற்றுப் பதிவுக் கருவிகள் பலவற்றில், குரல் ஓய்ந்தவுடன் ஒலியளவைத் தானே உயர்த்திக்கொள்ளும் அமைப்பு உண்டு. பாட்டி வாய்மூடிய கணந்தோறும் அது வேறு ஓசையைத் தேடிக் கடலைப் பற்றிக்கொண்டது.

மாணாக்கரின் உம்மாவை அழைத்துக் கேட்கச் சொன்னார்கள். அவர் முக்காட்டின் மேலேயே ஹெட்போனை வைத்துக்கொண்டு, "கடலையும் காணல்ல, ஒண்டையும் காணல்லயே மகன்" என்றார். இதுவும் பௌதிகமே. காதைச் சூழ்ந்த மெத்தைக்கும் தோலுக்கும் இடையே துணியோ மூக்குக்கண்ணாடியின் கம்பியோ நுழைந்தால், அவ்விடுக்கின் வழியே தாழ்ந்த ஓசைகள் கசிந்து போய்விடும். மூடிய வகைகளுட் பலவற்றில் இவ்விழப்பு மிகுதி. நாமும் கண்ணாடி அணிவோர். எமக்கும் இது நேர்ந்ததுண்டு. நாம் எழுந்து வெளித்திண்ணைக்குச் சென்றோம். அவர் உள்ளறைக்குப் போய் முக்காட்டை நீக்கிவிட்டுக் கேட்டார்.

அவர் வெளியே வர நெடுநேரமாயிற்று. கசற்றில் பதிந்த வீடு கரையோரத்தில், அலைக்கு மிக அருகில் இருந்ததாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் சுனாமியில் அவ்வீடும் தறியும் போயின. இன்று அவ்விடத்தில் அத்திவாரம்கூட இல்லை என்றார்கள்.

காக்கா திறந்த ஹெட்போனைக் கட்டாருக்குக் கொண்டுபோனார். அங்கே அவர் தங்கும் அறையில் இரவில் அமைதி உண்டாம். மூடியது மருதமுனையில் இருக்கிறது. கவிகளை எழுதும் பணி பாதிக்கு மேல் முடிந்தது என்று மாணாக்கர் சென்ற கிழமை சொன்னார். அந்த ஒரு சொல்லை மட்டும் தோணி என்றெழுதி, சாச்சிக்காக அதன் பக்கத்தில் தோழி என்றும் சிறிதாகக் குறித்திருக்கிறாராம்.