கடல் சாமந்தி ஏன் வாடுகிறது?

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் யாராவது உப்புநீர்த் தொட்டி வைத்துக் கடல் சாமந்தி (sea anemone) என்ற கடல் விலங்கை வளர்த்தால், முதலில் பார்க்க வேண்டியது உயரத்தை. ஆயிரம் மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் குறைவு. நீரில் கரையும் ஆக்சிஜனும் கடற்கரையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறையும். எனவே நீரின் மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டிருக்க வேண்டும். சென்னைத் தொட்டிக்குக் குளிர்விப்பான் தேவை. மார்கழி இரவில் இங்கே ஹீட்டர்தான் தேவை. 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் நல்லது.

சுருங்குவதெல்லாம் நோயல்ல. இந்த உயிருக்கு ஒரே திறப்பு. உண்பதும் கழிப்பதும் அதே வாயால். கழிவை வெளியேற்றச் சுருங்கி மீண்டும் விரியும். வாய் நாள்முழுதும் பிளந்து கிடந்தாலோ, அடிப்பாதம் பிடிவிட்டு அலைந்தாலோ, நிறம் வெளுத்தாலோதான் ஆபத்து.

ஏன் வெளுக்கிறது? அதன் திசுவுக்குள் ஒருசெல் பாசிகள் குடியிருந்து, ஒளியிலிருந்து உணவு தயாரித்துத் தருகின்றன. வெப்பமோ ஒளியோ மிஞ்சினால் அவை நச்சு ஆக்சிஜனை உமிழும். சாமந்தி அவற்றை வெளியேற்றிவிடும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் இதேபோல் வெளுத்ததும் கடல்நீர் சூடானதால்தான்.

இந்த ஆபத்து அறிகுறிகள் தெரிந்தால் முதலில் உப்பளவைச் சோதியுங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம். ஆவியான நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுங்கள், உப்புநீரை அல்ல. அலைகிற சாமந்தியைப் பிடுங்கி இடம் மாற்றாதீர்கள். பம்பின் வாயை மட்டும் வலையால் மூடுங்கள். வெளுத்திருந்தால் ஒளியைக் குறைத்து, இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொடுங்கள். நாற்றத்துடன் கரையத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். அழுகும் உடல் மீன்களையும் கொன்றுவிடும்.