குதிகாலில் ஒரு குத்து

பிறந்த குழந்தையின் குதிகாலில் சிறு குத்து. கசியும் ரத்தம், தடித்த வடிதாளில் அச்சிட்ட வட்டங்களை நிரப்ப வேண்டும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரி உருவாக்கிய முறை இது. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் கோளாறை, மூளை பாதிக்கப்படும் முன்பே பிடித்துவிடுவது அவர் நோக்கம்.

பார்க்க எளிது, கெடுப்பதும் எளிது.

ஆய்வகத்தில் அந்த வட்டத்திலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் அகலத் துண்டு ஒன்றை வெட்டுகிறார்கள். அந்தத் துணுக்கில் இவ்வளவு ரத்தம்தான் இருக்கும் என்ற கணக்கின் மேல்தான் சோதனையே நிற்கிறது. ஒரே இடத்தில் இரண்டு முறை சொட்டினால் அளவு கூடிவிடும். காலைப் பிதுக்கினாலோ திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துப்போகும். பாதம் கதகதப்பாக, உடலைவிடத் தாழ்வாக இருந்தால் ரத்தம் தானே வரும், பொறுமைதான் வேண்டும். குத்த ஏற்ற இடம் அடிக்குதிகாலின் இரு ஓரங்கள். பின்புற வளைவில் குத்தக்கூடாது, அங்கே எலும்பு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது.

நேரமும் முக்கியம், ஏனெனில் இதே ரத்தத்தில் தைராய்டுக் குறையையும் தேடுகிறார்கள். பிறந்தவுடன் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இயல்பாகவே எகிறும். அப்போது எடுத்தால் நலமான குழந்தைக்கும் அந்தக் குறை இருப்பதாகக் காட்டலாம். அமெரிக்காவில் பெரும்பாலும் 24 மணி நேரம் கழிந்தபின், பிரிட்டனில் ஐந்தாம் நாள்.

ரத்தம் ஏந்திய வடிதாளை வெயில் படாமல், படுக்கைவசமாகச் சில மணி நேரம் உலர்த்த வேண்டும். ஈரமும் வெப்பமும் சோதிக்க வேண்டிய சில நொதிகளைச் சிதைத்துவிடும். குழந்தை அழுமே? குத்தும்போது தாய் பாலூட்டினால் வலி குறைகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன.