மகிழடியும் ஊன்றுகோலும்



மாசித் திங்களில் திருவொற்றியூர்த் திருக்கோயிலில் நிகழும் பெருந்திருவிழாவில் மகிழடி சேவை என்பது தனிச்சிறப்பு வாய்ந்ததாகும். சுந்தரமூர்த்தி நாயனார் சங்கிலி நாச்சியாருக்கு மகிழமரத்தின் அடியில் சத்தியம் செய்து கொடுத்த வரலாறு அன்று நினைவுகூரப்படுகின்றது. திருமணத்தோடு இயைந்த விழா ஆதலின் நாம் மகிழ்ச்சியோடு கண்டு வணங்கி இல்லம் திரும்புகின்றோம். ஆயினும், அந்த ஒரு சத்தியத்தின் விளைவாகவே தம்பிரான் தோழர் தம் இரு கண்களையும் இழந்து, நாடு கடந்து நெடுவழி நடக்க நேர்ந்தது என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துன்பம் சூழ்ந்த காலத்தில் எதனைப் பற்றி நிற்பது என்ற வினாவுக்கு இவ்வரலாற்றில் தெளிவான விடை இருக்கின்றது.

வரலாற்றை முதலில் சுருக்கமாகக் காண்போம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில், ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தினுள் இது விரிவாக அமைந்துள்ளது. ஞாயிறு என்னும் ஊரில் பிறந்த சங்கிலியார், திருவொற்றியூரில் இறைவனுக்குப் பூமாலை தொடுத்து அளிக்கும் திருத்தொண்டு செய்து வந்தார். அவரைக் கண்ட நம்பியாரூரர், தமக்கு அவரை மணம் செய்து தருமாறு இறைவனிடமே வேண்டினார். இறைவனும் சங்கிலியாரின் கனவில் தோன்றிக் கூறினார். நம்பி திருவாரூரில் பரவையாரோடு வாழ்பவர் என்பதை எண்ணித் தயங்கிய சங்கிலியாருக்கு, 'உன்னைப் பிரியேன் என்று அவன் சபதம் செய்து தருவான்' என்று உறுதி அளித்தார்.

சபதம் செய்ய வேண்டும் என்று கேட்டதும் நம்பியின் உள்ளம் ஒரு சூழ்ச்சியை நாடிற்று. பல தலங்களுக்கும் சென்று பாடிப் பணிகின்ற தம்மால் ஓரூரிலேயே தங்க இயலாது. ஆதலின், தாம் சந்நிதியில் சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் கருவறையை விட்டு மகிழமரத்தின்கீழ் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இறைவனும் அதற்கு இசைந்தார். இசைந்தவர், மீண்டும் சங்கிலியாரின் கனவில் தோன்றி, 'அவன் சந்நிதியில் சத்தியம் செய்ய முன்வருவான். நீ மகிழின்கீழ்ச் செய்து தருமாறு கேள்' என்று உணர்த்தியருளினார். மறுநாள் அவ்வாறே கேட்கப்பட்டது. மறுக்க வழியின்றி, இறைவன் எழுந்தருளியிருந்த மகிழமரத்தின் அடியிலேயே நம்பி சத்தியம் செய்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 'மகிழின்கீழ் இருப்போம்' என்று தோழருக்குக் கொடுத்த சொல்லை இறைவன் காத்தார், அங்கேயே இருந்தார். 'பிரியேன் என்று சபதம் செய்வான்' என்று அடியவளுக்குக் கொடுத்த சொல்லையும் காத்தார். இரண்டில் ஒன்றும் பொய்க்கவில்லை. தூது செல்லவும் பொன் வழங்கவும் தயங்காத அளவுக்கு நம்பியோடு நட்புப் பூண்ட பெருமான், பொய்ச் சத்தியத்துக்குத் துணை நிற்க மட்டும் உடன்படவில்லை. நட்புக்காகவும் வளையாதது அவர் மெய்ம்மை என்பதை மகிழடி நமக்குக் காட்டுகின்றது.

காலம் சென்றது. தென்றல் வீசத் தொடங்கிற்று. திருவாரூரில் வசந்த விழா நிகழும் பருவம் அது. ஆரூர்ப் பெருமானையும் அவ்விழாவையும் நினைந்த நம்பி, திருவொற்றியூரின் எல்லையைக் கடந்தார். கடந்த அளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. மயங்கி நின்றார், பெருமூச்சு விட்டார், தாம் செய்த சத்தியத்தை மறந்தமையே இதற்குக் காரணம் என்று உணர்ந்தார். உணர்ந்தபின் என்ன செய்தார்? இதுதான் நாம் கற்க வேண்டிய பகுதி. 'கண்ணைக் கெடுத்தவரைப் பாடுவதேன்' என்று வெறுத்து ஒதுங்கவில்லை. தம்மைத் தண்டித்த அந்தப் பெருமானையே பாடிக்கொண்டு, அவருடைய தலங்களை நோக்கியே நடந்தார்.

திருவடமுல்லைவாயிலை வணங்கித் திருவெண்பாக்கத்தை அடைந்தார். அங்கே சந்நிதியில் நின்று, 'இக்கோயிலில் உள்ளீரோ' என்று நெஞ்சு நொந்து கேட்டார். இறைவன் ஓர் ஊன்றுகோலை அளித்து, தாம் இருப்பதாகவும், அவர் தம் வழியே போகலாம் என்றும் விடையளித்தார். கண்ணை வேண்டியவருக்குக் கோல்தான் கிடைத்தது. மேலும் நடந்து, பழையனூர்த் திருவாலங்காட்டைப் பணிந்து, காஞ்சிபுரத்தை அடைந்து, திருவேகம்பத்தில் வணங்கியபோது இடக்கண் ஒளி பெற்றது. அங்கிருந்து சோழ நாட்டுக்குச் சென்று, திருவாவடுதுறையில் வேண்டி, திருத்துருத்தியில் திருக்குளத்தில் மூழ்கியபோது உடலைப் பற்றியிருந்த பிணி நீங்கிற்று. இறுதியில் திருவாரூர்ப் பூங்கோயிலில் வணங்கியபோதுதான் வலக்கண்ணும் ஒளி பெற்றது. திருவொற்றியூரிலிருந்து திருவாரூர் வரை 300 கிலோமீட்டருக்குக் குறையாத வழி. அவ்வழியில் முதற்பகுதி இருளிலும் பிற்பகுதி ஒற்றைக் கண்ணொளியிலும் கடக்கப்பட்டன.

இனி, இவ்வரலாற்றுக்கு அடிப்படையாக உள்ள சைவ சித்தாந்தக் கருத்தினைச் சிறிது சிந்திப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் அருளிய சிவஞானபோதம் 12 சூத்திரங்களை உடையது. அதன் ஆறாம் சூத்திரமும் ஏழாம் சூத்திரமும் சத்து, அசத்து, சதசத்து என்னும் பாகுபாட்டை விளக்குகின்றன. என்றும் ஒரு தன்மையாய் நிற்பது சத்து, அது சிவம். தோன்றி, நின்று, மறைந்து மாறுவது அசத்து. அது நம் உடலும் பொருளும் உலகமும். இரண்டில் எதனைச் சார்கின்றதோ அதன் வண்ணமாய் நிற்பது சதசத்து; அது நம் உயிர். செம்மலர் அருகே வைத்த படிகம் சிவந்து தோன்றும். நீலமலர் அருகே வைத்தால் நீலமாய்த் தோன்றும். நம் நிலையும் அத்தகையதே. பொருளைச் சார்ந்தால் பொருள் குறையுந்தோறும் நாமும் குறைகின்றோம். உடல் வலிமையைச் சார்ந்தால் நோய் வந்த அன்றே நிலைகுலைகின்றோம். மாறாத ஒன்றைச் சார்ந்தவர்க்கே மாறுதல்களுக்கு இடையிலும் கால் ஊன்ற இடம் கிடைக்கும்.

'நேற்று அருள் செய்த இறைவன் இன்று ஏன் முகம் திருப்பிக்கொண்டான்' என்று துன்பக் காலத்தில் நாம் கேட்கின்றோம். ஞாயிறு ஒன்றே. அதன்முன் ஒரு தாமரை மலர்கின்றது; ஒன்று மலரும் நிலையில் நிற்கின்றது; ஒன்று உலர்கின்றது. இதனால் ஞாயிறு மூன்று விதமாக மாறிற்று என்று எவரும் கூறார். ஆன்றோர் எடுத்துக்காட்டும் இவ்வுவமை, இறைவன் செயலை நாம் அளக்கும் முறையைத் திருத்துகின்றது. இன்பத்தில் வெளிப்பட்டு நிற்பதும், துன்பத்தில் மறைந்து நிற்பதும் அவர் ஐந்தொழிலுள் அடங்கியவை. மறைத்தலையும் அருளின் ஒரு கூறாகவே நம் சமயம் கொண்டது. மருந்து கசக்கின்றது என்று அழும் குழந்தைக்குத் தாய் பகையாகத் தோன்றலாம். தாயின் அன்பு அப்போதும் குறைவதில்லை. இதனையே மறக்கருணை என்று பெரியோர் வழங்கினர்.

அப்படியானால் எல்லாத் துன்பமும் நாம் அறிந்து செய்த பிழைக்குத் தண்டனைதானா என்று ஓர் ஐயம் எழும். அன்று என்பதற்குத் திருநாவுக்கரசர் வரலாறே சான்றாகும். அவர் நீற்றறையில் ஏழு நாள் அடைக்கப்பட்டதும், நஞ்சு ஊட்டப்பட்டதும், யானையின் முன் விடப்பட்டதும், கல்லோடு பிணித்துக் கடலில் வீழ்த்தப்பட்டதும் அவர் சிவநெறியைப் பற்றி நின்ற காரணத்தால் பிறர் இழைத்த கொடுமைகள். நம்பியின் துன்பம் தம் சொல்லைத் தாமே மீறியதால் வந்தது. அரசரின் துன்பம் மெய்யைக் கைவிடாமையால் வந்தது. காரணம் வேறாயினும் இருவரும் பற்றிய பொருள் ஒன்றே. இருவரையும் கரை சேர்த்ததும் அதுவே.

ஆதலின், துன்புற்றார் ஒருவரைக் கண்டு 'உன் வினை, நீ அனுபவிக்கின்றாய்' என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. பிள்ளையை இழந்த தாயிடமும், கடனால் வீட்டை இழந்தவரிடமும், தீராத நோயில் படுத்தவரிடமும் இச்சொல்லைச் சொல்பவர்கள் உண்டு. வினைக் கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்வதற்காகச் சொல்லப்பட்டது. பிறர் புண்ணில் கோல் கொண்டு குத்துவதற்காகச் சொல்லப்பட்டதன்று. இறைவன் கண்ணிழந்தவருக்குக் கொடுத்த கோல் ஊன்றி நடக்கும் கோல். அடியார்க்கு அடியார் என்று நம்மைக் கூறிக்கொள்ளும் நாமும் பிறருக்கு அத்தகைய கோலாக இருத்தல் வேண்டும். நோயுற்றவருக்கு மருத்துவரிடம் செல்லத் துணை போதலும், பசித்த வீட்டுக்கு அரிசி கொண்டு கொடுத்தலும், ஆறுதல் கூற இயலாதபோது அருகில் அமர்ந்திருத்தலும் சிவத்தொண்டே.

நம்பியின் வழிநடையிலிருந்து மேலும் சில உண்மைகளை நாம் உணரலாம். முதலாவது, இறைவனிடம் குறை கூறுதல் நம்பிக்கையின்மை ஆகாது. வெண்பாக்கத்தில் அவர் கேட்ட கேள்வி வருத்தத்தில் தோய்ந்தது. ஆனாலும் அது இறைவன் முன்நின்றே கேட்கப்பட்டது. இல்லாத ஒருவரிடம் எவரும் முறையிடமாட்டார். ஆகவே, அழுகை வந்தால் சந்நிதியில் அழுவோம். கோபம் வந்தால் அங்கேயே சொல்வோம். வழிபாட்டை நிறுத்திவிட்டு விலகி நிற்பதுதான் இழப்பு.

இரண்டாவது, அருள் நாம் கேட்ட வடிவிலும் கேட்ட பொழுதிலும் வந்தே தீரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. கண் வேண்டிய இடத்தில் கோல் வந்தது. அக்கோலைச் சிறிதென்று கருதி நம்பி வெண்பாக்கத்திலேயே அமர்ந்திருந்தால், காஞ்சிக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்திருப்பார்? நோய் முழுதும் நீங்காவிடினும் ஓர் இரவு உறக்கம் கிடைக்கலாம். கடன் தீராவிடினும் ஒரு வேலை கிடைக்கலாம். எதிர்பாராத ஒருவர் கதவைத் தட்டலாம். இவை நமக்கு அளிக்கப்படும் ஊன்றுகோல்கள். அவற்றைப் பெற்று அடுத்த அடியை எடுத்து வைத்தலே நாம் செய்யத்தக்கது.

மூன்றாவது, இறைவனின் மெய்ம்மையை நம்புகின்றவர் தாமும் மெய்யில் நிற்றல் வேண்டும். நெருக்கடி வந்தபோது ஒரு பொய்யால் தப்பிவிடலாம் என்று மனம் தூண்டும். கருவறையில் இறைவன் இல்லாத நேரம் பார்த்துச் சத்தியம் செய்துவிடலாம் என்ற நினைவும் அத்தகையதே. அவர் இல்லாத இடம் எது? நாம் ஒளியத் தேர்ந்தெடுக்கும் மரத்தின் அடியிலும் அவரே இருக்கின்றார். தவறியவருக்கு அச்சம் தரும் இவ்வுண்மையே, தனித்துத் துன்புறுபவருக்குப் பெரும் ஆறுதலாகவும் அமைகின்றது. எந்த மரத்தடியில் நாம் சோர்ந்து வீழ்ந்தாலும் அங்கும் அவர் இருக்கின்றார் அல்லரோ?

திருவெண்பாக்கத்தைப் பற்றி இன்னொரு செய்தியையும் இங்கே குறிப்பிடல் தகும். பழைய கோயில் இருந்த இடம், 1944இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தின் பரப்பினுள் அடங்கிவிட்டது. பின்னர்க் கோயில் பூண்டியில் புதிதாக அமைக்கப்பெற்றது. கோல் அளித்த பெருமான் அங்கே ஊன்றீசர் என்ற திருப்பெயரோடு இன்றும் வழிபடப்படுகின்றார். நம்பி கால் பதித்த மண் நீருக்குள் சென்றது; மதில்களும் மண்டபமும் மாறின. 'இருக்கின்றோம்' என்று அன்று உணர்த்திய பெருமான், அங்குச் செல்லும் அன்பர்களுக்கு இன்றும் இருக்கின்றார். மாறுவன எவை, மாறாதது எது என்பதை உணர இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

அன்பர்களே, இவ்விழாவுக்கு வந்துள்ள நம்முள் எத்தனையோ பேர், பிறர் அறியாத துயரத்தை நெஞ்சில் சுமந்து வந்திருக்கலாம். அத்துயரம் நாளையே நீங்கும் என்று உறுதி கூற நமக்கு ஆற்றல் இல்லை. ஆரூருக்குச் செல்லும் வழி சிலருக்கு நெடிது. ஆனால் மகிழடியில் மெய்யாய் நின்றவரும், வெண்பாக்கத்தில் கோல் தந்தவரும், ஏகம்பத்தில் ஒரு கண் தந்தவரும், ஆரூரில் மறு கண் தந்தவரும் ஒருவரே. அந்த மாறாத மெய்ப்பொருளைப் பற்றிக்கொண்டு, இன்று கையில் கிடைத்த கோலை ஊன்றி, திருவைந்தெழுத்தை ஓதியவாறு நடப்போமாக.

திருச்சிற்றம்பலம்.