இணையதளமும் ஓர் அமானிதமே

எந்த அலுவலகத்திலும் மாதச் சம்பளத்திற்கு அமராமல், வீட்டின் ஒரு மூலையில் கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, பிறருக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்துப் பொருளீட்டும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களில் உள்ளனர். பட்டம் பெற்றபின் இல்லறம் ஏற்ற நம் பெண்மக்களும் இத்தொழிலில் இருக்கின்றனர். அத்தர்க் கடை, பிரியாணிக் கடை, திருமண மண்டபம், உம்ராப் பயண நிறுவனம், மதரஸா, மஹல்லா ஜமாஅத் போன்றோரே இவர்களுடைய வாடிக்கையாளர்கள். ஐந்து பக்கம், பத்துப் பக்கம் கொண்ட சிறு தளங்களை அமைப்பதோடு, ஆண்டு முழுவதும் அவற்றைப் பராமரிப்பதும் இவர்கள் பணியே.

இதற்குப் பெருமுதல் தேவையில்லை. ஜெனீவாவுக்கு அருகிலுள்ள 'செர்ன்' ஆய்வுக்கூடம், தன்னிடம் பிறந்த உலகளாவிய வலையை எவரும் கட்டணமின்றிக் கையாளலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று எழுதிக் கொடுத்துவிட்டது. 2003இல் வெளிவந்த 'வேர்ட்பிரஸ்' என்னும் இலவச மென்பொருளைக் கொண்டே உலகின் இணையதளங்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவை இயங்குகின்றன. ஆர்வமும் பொறுமையும் இருந்தால் ஹலாலான வருவாய்க்கு இது நல்ல வழி. ஆயினும் தொழிலைக் கற்பிப்பது என் நோக்கமன்று. அதற்குத் தக்கவர்கள் இருக்கின்றனர். அமைத்துக் கொடுப்பவருக்கும் அமைக்கச் சொன்னவருக்கும் இடையே எழும் ஒரு வழக்கைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். தளத்தின் பெயர் யாருக்குரியது, அதன் சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்பதே அவ்வழக்கு.

கடை ஒன்றை மனத்தில் கொள்ளுங்கள். மக்கள் தேடி வரும் முகவரி ஒன்று. கடை நிற்கும் இடம் ஒன்று. கட்டடமும் அலங்காரமும் ஒன்று. இணையதளத்திலும் இம்மூன்றும் தனித்தனி. முகவரியை 'டொமைன்' என்பர். இடத்தை 'ஹோஸ்டிங்' என்பர். மூன்றாவது வடிவமைப்பாளரின் கைவேலை. இவற்றுள் முகவரியை எவரும் நிரந்தரமாக வாங்கிவிட முடியாது. பதிவு நிறுவனம் ஒன்றில் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிந்துகொள்ள வேண்டும். 'டாட் காம்' பெயர்களை மிகுதியாகப் பத்து ஆண்டுகளுக்கு ஒருசேரப் பதியலாம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரியவராகக் கருதப்படுவார். எந்த மின்னஞ்சல் முகவரி தரப்பட்டதோ அதற்கே அறிவிப்புகள் யாவும் செல்லும்.

இனி, ஒரு பெண்கள் மதரஸா இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிர்வாகிகள் தெருவிலுள்ள ஒரு தம்பியை அழைத்து, 'நமக்கும் ஒரு வெப்சைட் போடப்பா' என்கின்றனர். அவரும் ஒரே இரவில் பெயரைப் பதிந்து, தளத்தை அமைத்துவிடுகிறார். நிர்வாகிகளுக்கு மின்னஞ்சல் இல்லை. ஆகவே தம் மின்னஞ்சலையே கொடுத்துவிடுகிறார். வஞ்சகம் எதுவும் இல்லை. வேலை எளிதாக முடிய வேண்டும் என்பதே காரணம். மூன்று ஆண்டுகள் செல்கின்றன. தம்பிக்கு வளைகுடாவில் வேலை கிடைக்கிறது. பழைய மின்னஞ்சலை அவர் திறப்பதே இல்லை. காலக்கெடு முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் முன்பு ஒன்று, முடிந்த ஐந்து நாளுக்குள் மற்றொன்று என்று பதிவு நிறுவனம் கடிதம் அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றும் யாரும் படிக்காத பெட்டியில் கிடக்கின்றன.

அதன்பின் நிகழ்வதை நிர்வாகிகள் அறிந்திருக்க வேண்டும். காலம் முடிந்த 'டாட் காம்' பெயரைப் பதிவு நிறுவனம் 45 நாள் வரை வைத்திருக்கலாம். பிறகு மீட்புக் காலம் என 30 நாள் உண்டு. அப்போது மீட்பதற்குக் கட்டணம் பன்மடங்கு. அதுவும் கடந்தால் ஐந்து நாளில் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். இத்தகைய கைவிடப்பட்ட பெயர்களை எதிர்பார்த்துக் காத்திருந்து வாங்குவோர் உளர். வாங்கியவர்கள் அதில் சூதாட்ட விளம்பரங்களை வைப்பதும் நடக்கிறது. மதரஸாவின் சந்தா ரசீதில் அச்சிட்ட முகவரியைப் பெற்றோர் ஒருவர் தேடிச் செல்லும்போது சூதாட்டப் பலகை எதிர்ப்பட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இது கவனக்குறைவால் வருவது. மனவருத்தத்தால் வருவதும் உண்டு. பேசிய தொகையில் பாதி நிலுவையில் நிற்கும். கேட்டுக் கேட்டுச் சலித்தவர், 'பாக்கியைத் தந்தால்தான் கடவுச்சொல்லைத் தருவேன்' என்று பெயரையே பிடித்து வைத்துக்கொள்வார். இருதரப்பிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றும்.

வியப்பு என்னவென்றால், நம் மதரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் குதூரியில் இதற்கு மிக நெருங்கிய பேச்சு இருக்கிறது. ஹிஜ்ரி 428இல் மறைந்த இமாம் குதூரி (ரஹ்) அவர்கள், கூலி பற்றிய பாடத்தில் கூலியாளை இருவகையாகப் பிரிக்கிறார்கள். ஒருவருக்கே உரியவன் ஒருவகை. பலருக்கும் பொதுவாக வேலை செய்பவன் மறுவகை. பின்னவனை 'அஜீர் முஷ்தரக்' என்பர். சாயம் தோய்ப்பவரையும் துணி வெளுப்பவரையும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறார்கள். இவர்களுக்குக் கூலி உரிமையாவது வேலையை முடித்த பிறகே. நம் காலத்துத் தனித்தொழில் வடிவமைப்பாளர் அப்படியே இவ்வகையைச் சேர்ந்தவர்.

அடுத்து வருவதே நமக்குத் தேவையானது. எவருடைய வேலையின் தடம் பொருளில் தங்குகிறதோ, அவர் கூலி பெறும்வரை அப்பொருளைத் தம்மிடம் நிறுத்தி வைக்கலாம். சாயக்காரர் அவ்வாறு செய்யலாம். சுமை தூக்குபவரும் படகோட்டியும் கூலிக்காகச் சரக்கைப் பிடித்து வைக்க இயலாது. அவர்களுடைய உழைப்பின் தடம் சரக்கில் இல்லை.

இந்த அளவுகோலை நம் வழக்கில் வைத்துப் பாருங்கள். தளத்தின் வடிவமைப்பு சாயம் தோய்த்த துணி. பாக்கி வரும்வரை அதை வெளியிடாமல் நிறுத்துவது வடிவமைப்பாளரின் உரிமை. பெயரோ அப்படியன்று. பெயரைத் தேர்ந்தது மதரஸா. கட்டணம் தந்தது மதரஸா. அதைப் பதிவேட்டில் சேர்த்தது மட்டுமே அவர் செய்தது. படகோட்டி சரக்கைக் கரைசேர்த்தது போன்றதே அது. ஆகவே பெயரின் சாவியைப் பிணையாகப் பிடிப்பது தகாது என்பதே என் கருத்து. இது ஃபத்வா அன்று. உண்மையில் வழக்கு வந்தால், ஷாஃபிஈ வாசகர்களும் ஹனஃபி வாசகர்களும் தத்தம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. விவரமறிந்த வடிவமைப்பாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றனர். தளத்தைத் தம்முடைய சோதனை இடத்திலேயே கட்டி முடித்து, அங்கேயே காட்டி, பாக்கி கைக்கு வந்தபின் வாடிக்கையாளரின் இடத்திற்கு மாற்றுகின்றனர். சச்சரவுக்கே இடமில்லை.

நாட்டுச் சட்டமும் கைவேலையை மதிக்கிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் பணியில் செய்தது முதலாளிக்கு உரியது. தனித்தொழிலர் எழுதிய நிரலோ, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அவருக்கே உரியது. பணம் கொடுத்துவிட்டதால் மட்டும் உரிமை மாறிவிடாது. கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அவ்வெழுத்திலும் கால அளவைக் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். 'நான் காசு கொடுத்தேன், எல்லாம் என்னுடையது' என்று கூறும் கடைக்காரர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

எழுத்து என்றதும் நினைவுக்கு வருவது, திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதே. சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் அது. ஆண்டுதோறும் அதனை ஓதுகிறோம். தெருத் தம்பியிடம் வேலை சொல்லும்போது மட்டும் 'நம்ம பையன்தானே' என்று விட்டுவிடுகிறோம். எத்தனை பக்கம், படங்களையும் வாசகங்களையும் யார் தர வேண்டும், எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், பணம் எத்தனை தவணை, இவற்றை ஒரே தாளில் எழுதினால் போதும். 'சின்ன மாற்றம்தான்' என்ற சொல்லால் கரைந்த இரவுகள் இத்தொழிலருக்கே தெரியும். அச்சகத்திற்கு உடனே பணம் தரும் ஜமாஅத்துகள், இணையதளத்தை மட்டும் ஸவாபுக்காகச் செய்து தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. அவர் மனமுவந்து தந்தால் அது வேறு.

பொருள் அழிந்தால் யார் பொறுப்பு? இதிலும் நம் இமாம்கள் பேசியிருக்கின்றனர். கூலியாளின் கையிலுள்ள பொருள் அமானிதம். அவன் செயலால் அழியாதவரை ஈடு இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய இரு மாணவர்களும், தடுக்க முடியாத பெருந்தீ போன்றவை தவிர மற்றவற்றுக்கு அவனே பொறுப்பு என்றனர். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 'ஓ.வி.எச்.' நிறுவனத்தின் தரவு மையம் உண்மையாகவே தீப்பிடித்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கான தளங்கள் முடங்கின. நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களில் சிலர் யாவற்றையும் இழந்தனர். நகலை வேறோர் ஊரில், வேறொரு நிறுவனத்திடம், மாதம் ஒருமுறையேனும் சேர்த்து வைத்தவருக்கு அது சில நாள் தொல்லையோடு முடிந்தது. பராமரிப்புக் கட்டணம் வாங்குபவர், நகல் எடுப்பதும் மென்பொருளைப் புதுப்பிப்பதும் அக்கட்டணத்தில் அடக்கமா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். புதுப்பிக்காத தளமே திருடர்களுக்கு எளிய வாசல்.

இன்னொன்றும் உண்டு. இருபது வாடிக்கையாளரின் சாவிகளை ஒருவரே வைத்திருக்கிறார். அவருக்கு ஒன்று நேர்ந்தால் அந்த இருபது பேரும் என்ன செய்வார்கள்? கடனையும் அமானிதத்தையும் வஸிய்யத்தில் எழுதி வைப்பது நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு வாடிக்கையாளரின் பெயர், பெயர்ப் பதிவு எந்த நிறுவனத்தில் உள்ளது, காலக்கெடு எந்நாள், நகல் எங்கே இருக்கிறது, யார் தர வேண்டிய பாக்கி எவ்வளவு, யாருக்குத் தர வேண்டியது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, மனைவியிடமோ சகோதரரிடமோ கொடுத்து வைக்கலாம். கடவுச்சொற்களை அதில் எழுத வேண்டாம். அவற்றைத் திறக்கும் ஒரே சாவி எங்கே இருக்கிறது என்பது போதும். ரமளானில் ஸகாத் கணக்குப் பார்க்க அமரும் நாளில் அந்தத் தாளையும் எடுத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.