கராத்தே பயிற்சியில் பயன்படும் ஜப்பானியச் சொற்கள்

கராத்தே பயிற்சியில் கட்டளைகள், நிலைகள், தாக்குதல்கள், தடுப்புகள், தரவரிசை ஆகியவற்றைக் குறிக்கப் பயன்படும் சொற்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியைச் சேர்ந்தவை. இக்கலை ஒகினாவாத் தீவில் தோன்றி, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜப்பானின் பெருநிலப்பகுதிக்கும் பின்னர் உலக நாடுகளுக்கும் பரவியது. பயிற்சியாளர் விளக்கங்களைத் தமிழிலோ பிற மொழியிலோ கூறினாலும், கட்டளைகளும் நுட்பங்களின் பெயர்களும் ஜப்பானியச் சொற்களாகவே இருப்பது வழக்கம். இதனால் வெவ்வேறு மொழி பேசுபவர்கள் ஒரே வகுப்பில் பயிலவும், ஒரே நடுவரின் கீழ்ப் போட்டியிடவும் முடிகிறது.

பெயர்

‘கரா’, ‘தே’ என்னும் இரு சொற்கள் சேர்ந்தது கராத்தே. ‘தே’ என்பது கை. ‘கரா’ முன்னர்ச் சீனாவைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்டதால் ‘சீனக் கை’ என்று பொருள்பட்டது. அதே ஒலிப்புக் கொண்ட, ‘வெறுமை’ எனப் பொருள்படும் எழுத்து பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது. 1936 அக்டோபரில் ஒகினாவாவின் நாஹா நகரில் கூடிய கராத்தே ஆசிரியர்கள் ‘வெறுங்கை’ என்ற பொருள் தரும் எழுத்து முறையை ஏற்றனர். ஒலிப்பு மாறவில்லை, பொருள் மாறியது. ‘கராத்தே தோ’ என்பதிலுள்ள ‘தோ’ வழி அல்லது நெறி எனப் பொருள்படும்.

கிச்சின் புனகோசி (1868–1957) ஒகினாவாவிலிருந்து 1922இல் டோக்கியோ சென்று இக்கலையைப் பரப்பியவர். அவர் பல கத்தாக்களின் பழைய பெயர்களை மாற்றினார். ‘பினான்’ என்பது ‘ஹெய்யான்’ ஆனது. ‘நைஹான்ச்சி’ என்பது ‘தெக்கி’ ஆனது. இக்காரணத்தால் ஒரே கத்தா வெவ்வேறு பள்ளிகளில் இருவேறு பெயர்களால் அழைக்கப்படுகிறது.

பயிற்சியின் மூன்று பிரிவுகள்

கிஹோன்: அடிப்படைப் பயிற்சி. நிலை, குத்து, உதை, தடுப்பு ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தல்.
கத்தா: வடிவம். கற்பனை எதிராளிகளை எதிர்கொள்வதாக, வரையறுத்த வரிசையில் செய்யப்படும் அசைவுத் தொகுப்பு.
குமித்தே: இருவர் மோதும் பயிற்சி. ‘கைகளைக் கோத்தல்’ என்பது இதன் சொற்பொருள்.

பயிற்சிக்கூடமும் தரவரிசையும்

பயிற்சிக்கூடம் ‘தோஜோ’ எனப்படும். நெறியைப் பயிலும் இடம் என்பது பொருள். ஆசிரியர் ‘சென்செய்’; முன்னர்ப் பிறந்தவர் என்பது நேர்ப்பொருள். மூத்த மாணவர் ‘சென்பாய்’, இளையவர் ‘கோஹாய்’. சீருடை ‘தோகி’, இடைக்கச்சை ‘ஒபி’.

கறுப்புப் பட்டைக்குக் கீழுள்ள நிலைகள் ‘கியூ’ எனப்படும். இவற்றின் எண் குறையக் குறையத் தரம் உயரும். கறுப்புப் பட்டை நிலைகளான ‘தான்’ ஏறுவரிசையில் எண்ணப்படுகின்றன. முதல் தான் ‘ஷோதான்’ எனப்படும். ‘ஷோ’ என்பதற்குத் தொடக்கம் என்று பொருள். கறுப்புப் பட்டை பெறுவதே பயிற்சியின் முடிவு என்ற பரவலான எண்ணத்துக்கு இச்சொல்லே மறுப்பாக உள்ளது: அடிப்படைகளைக் கற்று முடித்தவர் அப்போதுதான் உண்மையான பயிற்சியைத் தொடங்குகிறார்.

கட்டளைகள்

கியோத்சுகே: நேராக நில்.
ரெய்: வணங்கு.
மொக்குசோ: கண்களை மூடி மனத்தை அமைதிப்படுத்து.
யோய்: ஆயத்தமாகு.
ஹாஜிமே: தொடங்கு.
மவத்தே: திரும்பு.
யாமே: நிறுத்து.
யாசுமே: இளைப்பாறு.

இவற்றுள் பாதுகாப்புக்கு மிக இன்றியமையாதது ‘யாமே’. இச்சொல்லைக் கேட்டதும் குத்தோ உதையோ பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். எதிரே இருப்பவர் கட்டளையைக் கேட்டுத் தற்காப்பைத் தளர்த்தியிருக்கக்கூடும் என்பதால், ஒரு நொடி தாமதமும் காயத்தில் முடியலாம். எனவே புதிய மாணவர் முதல் நாளிலேயே அறிய வேண்டிய சொல் இது.

எண்கள்

இச்சி, நி, சான், ஷி, கோ, ரொக்கு, ஷிச்சி, ஹாச்சி, கு, ஜூ என்பன ஒன்று முதல் பத்து வரை. நான்கைக் குறிக்கும் ‘ஷி’ சாவைக் குறிக்கும் சொல்லைப் போலவே ஒலிப்பதால், பல இடங்களில் ‘யோன்’ பயன்படுகிறது. ஹெய்யான் வரிசையின் நான்காம் கத்தா ‘ஹெய்யான் யோன்தான்’ எனப்படுவது இதற்கு எடுத்துக்காட்டு.

நுட்பங்களின் பெயரமைப்பு

நுட்பத்தின் பெயர் பெரும்பாலும் மூன்று கேள்விகளுக்கு விடை தரும்: எந்த உயரத்தில், எவ்வாறு, எந்தச் செயல். முகமும் கழுத்தும் ‘ஜோதான்’, உடற்பகுதி ‘சூதான்’, இடுப்புக்குக் கீழ் ‘கெதான்’. ‘மாயே’ முன்பக்கம், ‘யோக்கோ’ பக்கவாட்டு, ‘உஷிரோ’ பின்பக்கம், ‘மவாஷி’ சுழற்சி, ‘கியாக்கு’ எதிர்ப்பக்கம். ‘ட்சுகி’ குத்து, ‘கெரி’ உதை, ‘உச்சி’ அடி, ‘உகே’ தடுப்பு, ‘தாச்சி’ நிலை. ஆகவே ‘ஜோதான் மவாஷி கெரி’ என்றால் தலை உயரத்தில் சுழற்றி உதைத்தல்.

முன்னொட்டு சேரும்போது சில சொற்களின் முதல் ஒலி மாறும். தனித்து வரும் ‘கெரி’யின் ககரம் ‘கடல்’ என்பதில் உள்ளது போல ஒலிக்கும். ‘மாயே கெரி’யில் அது ‘தங்கம்’ என்பதில் உள்ள ககரம் போல ஒலிக்கும். ‘தாச்சி’யின் தகரமும் ‘கிபா தாச்சி’ எனும்போது ‘பந்து’ என்பதில் உள்ள தகரம் போல ஆகும். ‘ட்சுகி’ என்பது ‘ஓய் ஸுகி’ எனத் திரியும். இவை வெவ்வேறு சொற்கள் அல்ல. தமிழ்ப் புணர்ச்சி போன்ற ஒலித்திரிபே.

‘உகே’ என்பதைத் தடுப்பு என மொழிபெயர்ப்பது வழக்கமாயினும், ‘பெறுதல்’ என்பதே அதன் நேர்ப்பொருள். வரும் விசையை முட்டி நிறுத்தாமல், ஏற்றுத் திசைதிருப்புவதே அதன் கருத்து. ‘சோத்தோ உகே’ (வெளி), ‘உச்சி உகே’ (உள்) என்னும் பெயர்களை எல்லாப் பள்ளிகளும் ஒரே பொருளில் வழங்குவதில்லை. கை புறப்படும் இடத்தைக் கொண்டு சிலரும், கை செல்லும் திசையைக் கொண்டு சிலரும் பெயரிடுகின்றனர். பள்ளி மாறிச் சேரும் மாணவர் இதைக் கேட்டுத் தெளிவது நல்லது.

போட்டிச் சொற்கள்

உலகக் கராத்தே கூட்டமைப்பின் குமித்தே போட்டிகளில் ‘அக்கா’ (சிவப்பு), ‘ஆவோ’ (நீலம்) என இரு தரப்பினரும் அழைக்கப்படுவர். ‘யூக்கோ’ ஒரு புள்ளி, ‘வாசா அரி’ இரண்டு, ‘இப்போன்’ மூன்று. 2021இல் நடந்த டோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் கராத்தே இடம்பெற்றபோதும் இச்சொற்களே பயன்பட்டன.

கருத்துச் சொற்கள்

கியாய்: மூச்சையும் விசையையும் ஒன்றுசேர்த்து எழுப்பும் முழக்கம்.
கிமே: நுட்பம் முடியும் கணத்தில் உடல் முழுவதின் விசையும் ஒருமித்தல்.
மாஆய்: எதிராளியுடன் காக்க வேண்டிய இடைவெளி.
சான்ஷின்: தாக்குதல் முடிந்த பின்னும் விழிப்புக் குலையாதிருத்தல்.