பச்சை குத்துவது பாவமா?



அண்மை ஆண்டுகளில் பங்குகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "சாமி, உடம்பில் பச்சை குத்துவது பாவமா?" பெற்றோர் இதைக் கேட்கும்போது அவர்கள் குரலில் கவலை இருக்கிறது. குத்திக்கொள்ள விரும்பும் இளைஞர்கள் கேட்கும்போது, தடை எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்ற எதிர்பார்ப்பு இருக்கிறது. முதன்முறையாகக் குத்திக்கொண்டு வந்து நிற்பவர்கள் கேட்கும்போது அச்சம் இருக்கிறது. இந்த மூவரையும் மனத்தில் கொண்டு, விவிலியமும் திருச்சபையின் வரலாறும் இதைப்பற்றி என்ன சொல்கின்றன என்று சிந்திப்போம்.

நமக்குப் புதியதல்ல

இளைஞர்கள் 'டாட்டூ' என்று சொல்வதால் இது மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நம் பாட்டிமாரின் முன்கைகளை நினைத்துப் பாருங்கள். கோலப் புள்ளிகள், தேள், சில வேளைகளில் கணவர் பெயர் என்று எத்தனை கைகளில் பார்த்திருக்கிறோம்! குறத்தியர் ஊர் ஊராக வந்து ஊசியால் குத்தி மையேற்றிய காலம் ஒன்று இருந்தது. பேரப்பிள்ளையின் கையில் டாட்டூவைக் கண்டு கோபப்படும் வீட்டில், பாட்டியின் கையில் இருக்கும் பச்சையை யாரும் குறை சொல்வதில்லை.

இது ஏன் அழிவதில்லை? நமது மேல்தோல் நாள்தோறும் உதிர்ந்து புதிதாகிறது. ஊசியோ அதற்குக் கீழே உள்ள அடுக்கில் மையைச் சேர்க்கிறது. அங்கே உடலின் பாதுகாப்பு அணுக்கள் மைத்துகள்களை விழுங்கித் தமக்குள் வைத்துக்கொள்கின்றன. அவை இறந்தால் புதிய அணுக்கள் அதே மையை ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே மை வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்கிறது. அழியாது என்பதால்தான் இதைப்பற்றி நன்றாகச் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

விவிலியம் என்ன சொல்கிறது?

பச்சை குத்துவதை எதிர்ப்பவர்கள் உடனே எடுத்துக்காட்டுவது லேவியர் 19:28. இறந்தவர்களுக்காக உடலைக் கீறிக்கொள்ளவும், உடலில் பச்சை குத்திக்கொள்ளவும் கூடாது என்று இஸ்ரயேல் மக்களுக்கு அங்கே கட்டளை தரப்படுகிறது. இந்த வசனத்தின் பின்னணியை நாம் கவனிக்க வேண்டும். இஸ்ரயேலைச் சுற்றி வாழ்ந்த மக்கள் இறந்தோருக்காகத் துக்கம் கொண்டாடும்போது உடலைக் கீறிக்கொண்டனர். தாங்கள் வணங்கிய தெய்வங்களுக்கு உரியவர்கள் என்று காட்ட உடலில் குறிகள் இட்டுக்கொண்டனர். "நீங்கள் ஆண்டவருக்கு உரியவர்கள், அவர்களைப்போல் செய்யாதீர்கள்" என்பதே கட்டளையின் உட்பொருள்.

அதே அதிகாரத்தில், இருவகை நூல் கலந்த ஆடை அணியக் கூடாது (19:19), தாடியின் ஓரத்தை வெட்டக் கூடாது (19:27) என்ற விதிகளும் உள்ளன. இவற்றை நாம் இன்று கடைப்பிடிப்பதில்லை. பழைய உடன்படிக்கையின் இத்தகைய சடங்குமுறை விதிகள் கிறிஸ்தவர்களைக் கட்டுப்படுத்துவதில்லை என்று திருச்சபை கற்பிக்கிறது. ஆனால் அதே அதிகாரத்தில்தான் பிறரன்புக் கட்டளையும் இருக்கிறது (19:18). அது நம்மை என்றும் கட்டுப்படுத்துகிறது. அயலாரை அன்பு செய்யும் பத்து வசனங்களைத் தாண்டிச் சென்று, பச்சை குத்தும் வசனத்தை மட்டும் எடுத்துப் பிறர்மீது எறிவது முறையாகாது.

விவிலியத்தில் வேறு குரலும் கேட்கிறது. தான் ஆண்டவருக்கு உரியவன் என்று ஒருவர் தம் கையிலேயே எழுதிக்கொள்ளும் நாளைப்பற்றி எசாயா இறைவாக்கினர் பேசுகிறார் (44:5). மக்களை மறவாத கடவுள், அவர்களைத் தம் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருப்பதாகவும் அவரே சொல்கிறார் (49:16). பவுலடியார் இயேசுவுக்கு உரிய அடையாளங்களைத் தம் உடலில் தாங்கியிருப்பதாகக் கலாத்தியருக்கு எழுதுகிறார் (6:17). அவர் குறிப்பிடுவது, நற்செய்திக்காக வாங்கிய அடிகளின் தழும்புகளை. ஆனால் அவர் பயன்படுத்தும் 'ஸ்டிக்மா' என்ற கிரேக்கச் சொல், அக்காலத்தில் அடிமைகளின் உடலில் குத்தப்பட்ட குறியைச் சுட்டும் சொல்.

திருச்சபையின் வரலாற்றில்

உரோமைப் பேரரசில் பச்சை என்பது பெரும்பாலும் அவமானச் சின்னம். குற்றவாளிகளுக்கும் ஓடிப்போன அடிமைகளுக்கும் நெற்றியில் குத்துவார்கள். விசுவாசத்திற்காகச் சுரங்க வேலைக்கு அனுப்பப்பட்ட கிறிஸ்தவர்களும் இந்த அவமானத்தை ஏற்றார்கள். கிறிஸ்தவத்தை ஆதரித்த பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 316-ஆம் ஆண்டளவில், தண்டனை பெற்றவர்களின் முகத்தில் குறியிடக் கூடாது என்று தடை விதித்தார். மனித முகம் விண்ணக அழகின் சாயலில் உருவானது என்பது அவர் சொன்ன காரணம்.

ஆனால் அவமானச் சின்னத்தையே கிறிஸ்தவர்கள் பெருமைச் சின்னமாக மாற்றினார்கள். தங்கள் மணிக்கட்டிலோ கையிலோ சிலுவை அடையாளத்தையோ கிறிஸ்துவின் பெயரையோ பொறித்துக்கொண்ட பலரைப்பற்றி, ஆறாம் நூற்றாண்டில் காசா நகரத்துப் புரோக்கோப்பியுஸ் எழுதியுள்ளார். எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் நார்த்தம்பிரியாவில் கூடிய ஆயர் மன்றம், கடவுளின் பொருட்டு ஒருவர் இந்த வலியை ஏற்றால் அது பாராட்டுக்குரியது என்றும், வேற்றுத் தெய்வ மூடநம்பிக்கைக்காகச் செய்தால் பயனில்லை என்றும் பிரித்துச் சொன்னது. செயலை மட்டும் பார்க்காமல், அதன் நோக்கத்தையும் பார்த்த தெளிவான தீர்ப்பு இது.

எகிப்து நாட்டின் காப்டிக் கிறிஸ்தவர்கள் வலது மணிக்கட்டின் உட்புறத்தில் சிறு சிலுவையைக் குத்திக்கொள்கிறார்கள். பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே குத்தப்படுகிறது. சிறுபான்மையினராக வாழும் அவர்களுக்கு அந்தச் சிலுவையை மறைப்பது எளிதல்ல; ஆபத்து வரும்போது மறுதலிக்கவும் இயலாது.

துருக்கியர் ஆட்சியில் இருந்த போஸ்னியாவில் கத்தோலிக்கப் பெண்கள் கைகளில் சிலுவை குத்திக்கொண்டார்கள். புகைக்கரியோடு தேனும் தாய்ப்பாலும் கலந்த மை அது. புனித சூசையப்பர் திருநாளும் மங்கள வார்த்தைத் திருநாளும் அதற்கு ஏற்ற நாள்களாகக் கருதப்பட்டன.

எருசலேமுக்குச் சென்ற திருப்பயணிகளும் அங்கே சிலுவை குத்திக்கொண்டு ஊர் திரும்பினர். மரக்கட்டையில் செதுக்கிய அச்சை மையில் தோய்த்துத் தோலில் பதித்து, அந்தக் கோடுகளின்மேல் ஊசியால் குத்துவார்கள். எகிப்திலிருந்து குடியேறிய ரசூக் என்ற காப்டிக் குடும்பத்தினர் எருசலேமின் பழைய நகரில் இத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். பின்னாளில் ஏழாம் எட்வர்ட் என்ற பெயரில் இங்கிலாந்து அரசரானவர், 1862-இல் இளவரசராக எருசலேம் சென்றபோது தம் கையில் எருசலேம் சிலுவையைக் குத்திக்கொண்டார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் உரோமையில் இளைஞர்களைச் சந்தித்தபோது, பச்சை குத்திய இளைஞர்களைக் கண்டு அஞ்ச வேண்டாம் என்று குருக்களைக் கேட்டுக்கொண்டார். எரித்ரேயக் கிறிஸ்தவர்கள் நெற்றியில் சிலுவை குத்தும் வழக்கத்தையும் நினைவூட்டினார். மிகைப்படுத்துவதும் உண்டு என்று ஒப்புக்கொண்ட அவர், அந்தக் குறி எதைக் குறிக்கிறது, அந்த இளைஞர் யாருக்கு உரியவர் என்று உரையாடத் தொடங்குங்கள் என்றார்.

அப்படியானால் எல்லாம் சரியா?

பச்சை குத்துவது தன்னிலேயே பாவம் என்று திருச்சபை கற்பிக்கவில்லை. அதற்காக எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் குத்தலாம் என்றும் பொருளல்ல. நம் உடல் தூய ஆவியார் குடிகொள்ளும் கோவில் (1 கொரி 6:19). கோவில் சுவரில் ஓவியம் வரையலாம். ஆனால் எந்த ஓவியம் என்று கேட்டாக வேண்டும். முதன்முறை குத்திக்கொள்ள விரும்புவோர் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய சில கேள்விகள்:

எதைக் குத்துகிறேன்? வெறுப்பையோ ஆபாசத்தையோ சாதிப் பெருமையையோ தீய சக்திகளையோ குறிக்கும் சின்னம் கிறிஸ்தவ உடலுக்கு ஏற்றதல்ல. கையில் சாதியின் பெயரைக் குத்திக்கொண்டு நற்கருணை வாங்க நிற்பவர், சிறு சிலுவை குத்தியவரைவிட அதிகமாகத் தம்மை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

ஏன் குத்துகிறேன்? நண்பர்கள் குத்தியதாலா, யாரையாவது வருத்துவதற்காகவா, உண்மையாகவே என் வாழ்வில் நிலைத்த ஒன்றை நினைவில் வைக்கவா? ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள். அப்போதும் அதே விருப்பம் இருந்தால் அது வெறும் ஆசை அல்ல.

எங்கே, எப்படிக் குத்துகிறேன்? திருவிழாக் கடைத்தெருவில் ஒரே ஊசியைப் பலருக்கும் பயன்படுத்தினால் மஞ்சள் காமாலையின் சில வகைகளும் எச்.ஐ.வி. கிருமியும் தொற்றக்கூடும். ஒவ்வொருவருக்கும் புது ஊசி பிரிக்கப்படுவதைக் கண்ணால் பாருங்கள். தழும்பு தடித்து வளரும் இயல்புடையோரும் சர்க்கரை நோய் உள்ளோரும் மருத்துவரைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். குத்திய பின் ஏறத்தாழ ஓராண்டு இரத்ததானம் செய்ய இயலாது. இராணுவம், காவல்படை போன்ற பணிகளில் உடலின் எப்பகுதியில் பச்சை இருக்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகள் உள்ளன என்பதையும் மறக்க வேண்டாம்.

வீட்டில் சொன்னேனா? பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் பெற்றோருக்குத் தெரியாமல் செய்யக் கூடாது. வயது வந்தவர்களும் அம்மா அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்வது, நான்காம் கட்டளையின்படி அவர்களுக்குத் தரும் மதிப்பு.

விலகி நின்ற ஒரு மகள்

தந்தையை இழந்த இளம்பெண் ஒருவர், அவருடைய பழைய கடிதம் ஒன்றில் இருந்த கையொப்பத்தை அப்படியே தம் மணிக்கட்டில் குத்திக்கொண்டார். அதுவே அவருக்கு முதல் பச்சை. முதல் ஞாயிறே, "விவிலியத்தில் இறந்தவர்களுக்காகக் குத்தக் கூடாது என்று இருக்கிறதே, இது சாவான பாவம்" என்று கோவிலில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கோடை வெயிலிலும் முழுக்கைச் சட்டை அணிந்து, கடைசி வரிசையில் நின்றார். நான்கு மாதங்களாக நற்கருணை வாங்கவில்லை. பிறகு ஒருநாள் வந்து, "ஃபாதர், இதை அழித்த பிறகுதான் நான் நன்மை வாங்கணுமா?" என்று கேட்டார்.

லேவியர் நூல் தடை செய்தது, நம்பிக்கையற்றவர்களின் துக்கச் சடங்கை. இந்த மகளோ உயிர்ப்பை நம்புகிறார். தந்தைக்காக நினைவுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார். கையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்காக ஒரு மன்றாட்டுச் சொல்கிறார். இதை அவருக்கு விளக்கினேன். மறுஞாயிறு நன்மை வாங்க முன்வந்தார். கையை இன்னும் மறைத்துத்தான் இருந்தார். சில வாரங்கள் கழித்து அவருடைய அம்மாவே, "வெயிலா இருக்கு, கையை மடிச்சு விடும்மா" என்று சொன்னாராம். அவருடைய கூச்சம் அன்றுதான் போயிற்று.

இங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. முதன்முறை பச்சை குத்தியவர்கள் தங்கள் தோலோடு பழகச் சில வாரங்கள் ஆகும். புண் ஆறுகிறது, தோல் உரிகிறது, "ஏன் செய்தோம்?" என்ற எண்ணமும் வந்து போகிறது. அந்த நாள்களில் அவர்கள்மேல் விழும் நம் பார்வையும் வாயிலிருந்து வரும் சொல்லும் அவர்களை அருளடையாளங்களை விட்டே விலக்கிவிடக்கூடும். நாம் சொல்லாத ஒரு பாவத்தைத் திருச்சபை சொன்னதாகச் சொல்வது சிறிய தவறல்ல.

வருந்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முறிந்துபோன காதலின் பெயரைச் சுமப்பவர்கள் உண்டு. திருமுழுக்குப் பெற ஆயத்தம் செய்யும் சிலரின் கைகளில் பிற சமயச் சின்னங்கள் இருப்பதும் உண்டு. லேசர் கதிர் கொண்டு அழிக்கலாம். ஆனால் பல தடவை செல்ல வேண்டும், செலவும் அதிகம், எப்போதும் முழுவதுமாக மறைவதுமில்லை. அழித்தால்தான் கடவுள் ஏற்பார் என்று எண்ண வேண்டாம். உயிர்த்த ஆண்டவரே தம் காயத்தின் தழும்புகளோடுதான் சீடர் நடுவே வந்து நின்றார்.

அழியாத முத்திரை

உரோமைப் படைவீரர்களுக்குக் கையில் அழியாத குறி இடுவது வழக்கம். புனித அகுஸ்தினார் இதை எடுத்துக்காட்டித் திருமுழுக்கை விளக்கினார். படையை விட்டு ஓடிய வீரனின் குறி அவனோடே இருக்கிறது. அவன் திரும்பி வந்தால் மீண்டும் குறியிடுவதில்லை. பழைய குறியையே அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்கிறார்கள். அதுபோல, விலகிச் சென்ற கிறிஸ்தவர் திரும்பி வரும்போது மறுபடி திருமுழுக்குக் கொடுப்பதில்லை. திருமுழுக்கும் உறுதிபூசுதலும் குருத்துவமும் ஆன்மாவில் அழியா முத்திரையைப் பதிக்கின்றன என்ற நம் திருச்சபையின் போதனை இதுவே.

ஆகவே, நம்மில் ஒவ்வொருவரும் குறியிடப்பட்டவர்களே. தோலில் மை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே முத்திரையைத் தாங்குகிறோம். கையில் சிலுவை குத்தியிருப்பவர், அந்தக் கை மனைவியை அடிக்க ஓங்கும்போதும் இலஞ்சம் வாங்க நீளும்போதும் அதே சிலுவை உடன்வருவதை நினைக்கட்டும். சிலுவை குத்தாதவரும், தம் நெற்றியில் திருமுழுக்கு நாளன்று வரையப்பட்ட சிலுவையை நினைக்கட்டும். தோலில் உள்ள குறிக்குப் பழகிப்போக ஒரு மாதம் போதும். ஆன்மாவில் உள்ள குறிக்கு ஏற்ப வாழப் பழகுவதற்கோ வாழ்நாள் முழுவதும் வேண்டும்.

அடுத்த ஞாயிறு பச்சை குத்திய ஓர் இளைஞர் நம் அருகில் வந்து அமர்ந்தால், தள்ளி உட்காராமல் அவரிடம் பேசுவோம். "இதற்கு என்ன அர்த்தம், தம்பி?" என்று அன்போடு கேட்போம். தம் உள்ளங்கைகளில் நம் பெயர்களைப் பொறித்து வைத்திருக்கும் ஆண்டவர் அவரையும் நம்மையும் காப்பாராக. ஆமென்.